ஈப்போ நேரம்

"அண்ணே, நீங்க சொன்னபடி மிஷின் கடிகாரத்தைக் கால் மணி முன்னால தள்ளுனேன். ரப்பர் பால் நிறுவைய அது சீக்கிரமே மூடிக்கிச்சு. வாளியோட ஆளுங்க என்னை அடிக்க வாராங்க லா!" என்று போனில் அலறினான் சுங்காய் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சன்னாசி.

ஈப்போவில் போனைக் காதில் வைத்திருந்தான் மாயாண்டி. டெலிபோன் கம்பி வழியே இணைத்த சுங்காய், காம்பார், லகாட் தோட்டக் கம்ப்யூட்டர்கள் ஈப்போ பெரிய ஆபீஸ் கம்ப்யூட்டரோடு ஒரே நேரம் காட்டுகின்றனவா என்று பார்ப்பதுதான் அவன் வேலை. மூன்றும் கால் மணி பின்தங்கி நின்றதால் முன்னால் தள்ளச் சொல்லியிருந்தான்.

"ரேடியோவுல எங்க பழைய நேரத்தைத்தானே சொல்றான்?" என்றான் சன்னாசி.

"ரேடியோ கெடக்குது! பெரிய ஆபீஸ் மிஷின் பொய் சொல்லுமா?"

மாயாண்டி தன் கைக்கடிகாரத்தைக்கூட அதைப் பார்த்துத்தான் திருத்தியிருந்தான். அன்றிலிருந்து பஸ் தினமும் தாமதம். பாவம், டிரைவரைத் திட்டித் தீர்த்தான்.

அடிக்குப் பயந்த சன்னாசி கடிகாரத்தைப் பழையபடி பின்னுக்கு இழுத்தான். காம்பார்க்காரர் குழம்பிப்போய் இரண்டு தரம் முன்னால் தள்ளிவிட்டார். லகாட்டில் இணைப்பையே பிடுங்கிப் போட்டார்கள். ஒரே கம்பெனி, ஊருக்கு ஒரு நேரம்!

யாழ்ப்பாணத்துக்காரரான மேனேஜர் ஸ்கந்தராஜா மாயாண்டியைக் கூப்பிட்டார். வாசல் பெஞ்சில் தலைக்கு எண்ணெய் தடவிய புது ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லா நேரத்தையும் சரிக்கட்டச் சொன்னன். இண்டைக்கு வெள்ளி. உம்மால ஏலாது காணும்."

"ஐயா, இன்னும் ஒரு நாள்..."

"பேசாம இரும். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் முடியட்டும். நல்ல நேரத்தில அந்தப் பெடியனை உம்மட கதிரையில இருத்துவம்."

முன்பு வேலை செய்த தோட்டத்தை முதலாளி விற்றபோது குடியிருந்த வீடும் போய், ஈப்போவுக்கு வந்து அலைந்து பிடித்த வேலை இது. இதையும் விட்டுவிட்டு மனைவி ராக்காயி முகத்தில் எப்படி விழிப்பது? மாயாண்டி கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். தன் வேலை போகும் நேரத்தையும் தானே கண்காணிக்க வேண்டியிருக்கிறதே என்று அழுகையே வந்தது.

திரையில் பன்னிரண்டு வந்தது.

"கழிஞ்சுது. எழும்பும்," என்றார் மேனேஜர். புது ஆள் சாமி கும்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

கோப்பி கொண்டுவந்த காளியம்மா பதறிப்போய்த் தட்டை மேசையில் வைத்தாள்.

"ஐயையோ, இன்னும் ராகுகாலம் கழியலைங்க ஐயா! மிஷின் தெறப்பு விழா அன்னைக்கு, ராகுகாலம் முடியலை, ரிப்பன் வெட்ட டத்தோ ஐயா கத்திரிக்கோலோட காத்திருக்காருன்னு நீங்கதானே அதைக் கால் மணி முன்னால தள்ளுனீங்க, திருப்பி வைக்கவே இல்லையே லா!"