சின்ன மாப்பிள்ளையின் தேகப்பயிற்சி

அன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் சுகம். 'அனைவரும்' என்பதில் நாலு கால் உள்ளவரும் அடக்கம். அங்கு புது வீட்டில் நீங்களும் என் மகளும் குழாய்த் தண்ணீரோடும் அக்கம்பக்கத்தோடும் சண்டையில்லாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போனில் சொன்னீர்கள். "குட்டி தனியா அடக்கமா இருக்கக் கத்துக்கிட்டிருந்தா கூட்டிட்டுப் போறோம் மாமா, இல்லைன்னா இன்னும் கொஞ்ச நாள் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றும் சொன்னீர்கள். அந்த 'இல்லைன்னா' எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் தலை நரைக்கும் வரை பி.டி. மாஸ்டராக இருந்து, நொண்டிச் சாக்கு சொன்னவனையெல்லாம் ஓட வைத்துக் கோப்பை வாங்க வைத்தவன் நான். ஒரு நாய்க்குட்டி எம்மாத்திரம்? அவர் தயார், முழுக்கத் தயார். எப்படித் தயாரானார் என்பதைப் போனில் சொன்னால் உங்கள் அத்தை நடுவில் புகுந்து கதையை மாற்றிவிடுவாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

குட்டியை விட்டுப் போன அன்று வாசலில் நின்று, "ரொம்ப ஓட விடாதீங்க மாமா, வளர்ற எலும்பு. கொஞ்சம் நடை, கொஞ்சம் விளையாட்டு, நிறைய தூக்கம்" என்றீர்கள். மாப்பிள்ளை சொன்னால் தலையாட்டுவதுதானே முறை, ஆட்டினேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாரே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். உங்கள் அத்தைக்கோ, மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தது என்பதால் அதை 'வா, போ' என்று சொல்ல நாக்கு எழவில்லை. 'சின்ன மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டாள். "ஏங்க, சின்ன மாப்பிள்ளை சோபாவில ஒண்ணுக்குப் போயிட்டாருங்க" என்று முதல் நாளே முறையிட்டாள், மரியாதை துளியும் குறையாமல்.

மறுநாள் காலை பழைய விசிலைக் கழுத்தில் மாட்டி, கான்வாஸ் ஷூவுக்கு வெள்ளை அடித்துப் போட்டுக்கொண்டு அவரைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். முதல் சுற்றில் அவர் ஓடியதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும், காது இரண்டும் பின்னால், வால் மேலே, அப்படி ஒரு ஓட்டம். இரண்டாவது சுற்றில் உட்கார்ந்தார். மூன்றாவது சுற்று என்று ஒன்று நடக்கவேயில்லை, ஏனென்றால் அவர் பாதை நடுவில் நாலு காலையும் நாலு திசைக்கு விரித்துப் படுத்துவிட்டார், நான் விசில் ஊதினேன், நடைக்கு வந்தவர்களெல்லாம் பயந்து ஒதுங்கினார்கள், அவர் மட்டும் ஒதுங்கவில்லை, கடைசியில் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினால் எதிரே வந்த பால்காரர், "வாக்கிங் உங்களுக்கா சார், அவருக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? பயிற்சியை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். விசில் ஊதினால் எங்கிருந்தாலும் பாய்ந்து வந்து என் முன்னால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் பிஸ்கட். சும்மா சொல்லக்கூடாது, கற்பூர புத்தி அவருக்கு. சட்டென்று பிடித்துக்கொண்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பேப்பர் போடுகிறவர் வந்தால் ஒரு விசில், சிலிண்டர் கொண்டுவருகிறவர் வந்தால் ஒரு விசில், யாரும் வராவிட்டால் அதற்கும் ஒரு விசில். ஒரு நாள் சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டில் முகத்தை வைத்தபடியே தூங்கிப் போனார். விடிந்து எழுந்தபோது முன்னங்காலை லேசாகத் தூக்கித் தூக்கி வைத்தார். அதைப் பார்த்ததும் அவரை வாரி எடுத்துக்கொண்டேன் மாப்பிள்ளை. ஷூ போடக்கூட நேரமில்லாமல் செருப்போடு ஓடினேன்.

கால்நடை மருத்துவர் யாரென்று நினைக்கிறீர்கள்? என் பழைய மாணவி. பி.டி. பீரியட் வந்தாலே வயிற்றுவலி என்று சீட்டு நீட்டிய பெண். காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அசதிதான், சரியாயிடும். எங்களை ஓட வெச்சது பத்தலையா சார்?" என்றாள். "இது குழந்தை சார். விளையாடுறப்போ அதுவா நின்னா அத்தோட விட்டுடணும். மாடிப்படி ஏற விடாதீங்க. பாடம் சொல்லித் தர்றதும் கொஞ்சூண்டுதான், அது முகத்தைத் திருப்புறதுக்கு முந்தி நீங்க முடிச்சிடணும்" என்று சொல்லி, 'பூரண ஓய்வு' என்று ஒரு சீட்டு எழுதி நீட்டினாள். அந்தக் கையெழுத்து எனக்கு நன்றாகப் பழக்கமானது.

அன்றே விசிலைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சத்தியமாக ஊதவில்லை. காலும் சரியானது. ஆனால் அவர் மட்டும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு துவண்டே கிடந்தார். மறுபடி மருத்துவரிடம் போனால், "உண்மையைச் சொல்லுங்க சார், ஓட விடுறீங்கதானே?" என்றாள். வீட்டுக்கு வந்தால் உங்கள் அத்தை, "பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?" என்றாள். எத்தனையோ பேரை நான் நம்பாமல் இருந்திருக்கிறேன், என்னை இப்படி யாரும் நம்பாமல் இருந்ததில்லை. மனசு கஷ்டமாகிவிட்டது.

மறுநாள் காலை பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உளவு பார்த்தேன். அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் குக்கர் ஒரு விசில் அடித்தது. அவ்வளவுதான், தூக்கி வாரிப் போட்டு எழுந்து, வழவழத் தரையில் சறுக்கி, நாற்காலியில் இடித்து, ஓடிப்போய் அடுப்புக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். குக்கர் பிஸ்கட் தருமா? பார்த்துப் பார்த்து ஏமாந்து திரும்பி வந்து படுத்தார். அடுத்த விசில். மறுபடி ஓட்டம். அதற்குள் எதிர்வீட்டுக் குக்கர் அடித்தது, வாசல் கதவுக்கு ஓடினார். கீழ்வீட்டுக் குக்கர் அடித்தது, ஜன்னலுக்கு ஓடினார். அடுக்குமாடிக் கட்டடம், காலை வேளை, கேட்கவேண்டுமா? நான் ஒருத்தன் ஓய்வு பெற்று என்ன பிரயோஜனம், வீட்டுக்கு வீடு ஒரு பி.டி. மாஸ்டர் இருந்திருக்கிறார்.

உடனே ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, விசில் வராமல் சமைக்க முடியுமா என்று பணிவோடு கேட்டேன். மேல்வீட்டுத் தையற்காரம்மா, "உங்க நாய் தூங்கணும்னா நாங்க பட்டினி கிடக்கணுமா சார்?" என்றார். நியாயமான கேள்விதான். உங்கள் அத்தை மட்டும் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தாள். காலைச் சாப்பாடு மதியத்துக்கு வந்தது. கடைசியில் என் மாணவிதான் விழுந்து விழுந்து சிரித்து முடித்துவிட்டு வழி சொன்னாள்: எந்த வீட்டுக் குக்கர் அடித்தாலும் அவருடைய பாயில் ஒரு துண்டு பிஸ்கட் வைக்க வேண்டியது. இப்போது கட்டடமே விசில் அடித்தாலும் நேராகப் பாய்க்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார். நாங்கள் கடைக்குப் போய் வந்தாலும் அதே பாய், அதே தூக்கம்.

நடைப் பயிற்சியும் மாறிவிட்டது. இப்போது அவர் முன்னால், நான் பின்னால். விளக்குக் கம்பத்தை அவர் முகர்ந்து முடிக்கும்வரை நிற்கிறேன், அவர் உட்கார்ந்தால் நானும் பக்கத்தில் உட்காருகிறேன். இந்தத் தெருவில் இத்தனை வருடம் ஓடியிருக்கிறேனே தவிர நின்றதில்லை. நிற்பதும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆக, பயிற்சி முடிந்தது, மாணவர் தேறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வந்து அழைத்துப் போகலாம். அவருடைய தட்டு, பாய், கழுத்துப்பட்டை எல்லாம் கழுவிக் காயவைத்துத் தயாராக எடுத்து வைக்கிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், அதிகம் ஓடாமல், நிறையத் தூங்கி, நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
சொன்னதைச் செய்து முடித்த உங்கள் மாமனார்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்கு முன் கடிதத்தை உங்கள் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்போ ஞாயித்துக்கிழமையோட சரியாங்க?" என்றாள். "தேறிட்டாரே, அனுப்பித்தானே ஆகணும்" என்றேன். எழுந்து போய்க் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். விசில் வந்தது. சின்ன மாப்பிள்ளை எழுந்தார், பாயைப் பார்த்தார், பிறகு என்னிடம் வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டார். பாய்க்குப் போகவில்லை, கவனிக்கவும். இது சாதாரணத் தவறு அல்ல. ஆகவே மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது, அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. நான் ஃபெயில் போட்டுவிட்டேன், அதே வகுப்பில் இன்னொரு வருடம் படிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் அவசியம் சாப்பிட வாருங்கள். மறுமதிப்பீடு கிடையாது.