ஹனோய் வழியாக ஒரு ஹேர்னியா

ஒருவர் கண்ணிலும் படாமல் பெட்டியை நாலாம் மாடிக்கு ஏற்றிவிடலாம் என்றுதான் தயாபரன் நினைத்திருந்தார். இரண்டாம் மாடியில் சுதர்சினி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"தயா அண்ணை! புதுப் பெட்டி! எங்க பயணம்?"

நீலப் பெட்டி, நாலு சில்லு, பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. இது அரிசி மூட்டை என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

"கதிர்காமம்," என்றார் தயாபரன்.

"கதிர்காமத்துக்கு இவ்வளவு பெரிய பெட்டியோ?"

"தங்கி நிண்டு கும்பிடப் போறம்."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை," என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதையும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வெளிநாடு போகிறவர்கள் முதலில் பத்திரப்படுத்த வேண்டியது கடவுச்சீட்டை அல்ல, வாயை. கடவுச்சீட்டைப் பிரதி எடுத்து வையுங்கள், நல்ல சப்பாத்துப் போடுங்கள், உள்ளூர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்றெல்லாம் பயண வீடியோக்களில் சொல்கிறார்களே, அவர்களில் ஒருவராவது கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்திருக்க மாட்டார். இங்கே ஒருவர் விமானம் ஏறப்போகிறார் என்று தெரிந்தால் போதும், ஒரு சின்னப் பார்சலோடு ஆட்கள் படியேறி வந்துவிடுவார்கள். மாட்டேன் என்று சொல்லத் தயாபரனுக்கு வாய் வராது.

அவர் மூன்று நாடு போனவர். லண்டனில் நின்ற பதினொரு நாளில் ஒன்பது நாள் பார்சல் கொடுத்தே முடிந்தது. ஈஸ்ட்ஹாமில் மிளகாய்த்தூள், ஹரோவில் ஒடியல் மா, குறொய்டனில் யாரோ ஒருவருடைய பட்டு வேட்டி. அங்குள்ள புகழ்பெற்ற பாலத்தை ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த படத்தில் பார்த்தார். சூரிச்சில் ஏரி அழகு. அதை ரயில் ஜன்னலால் பார்த்தார். மடியில் கருவாட்டுப் பார்சல் இருந்தபடியால் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை, அந்த வகையில் வசதிதான். ரொறன்ரோவில் நயாகரா போவதாக இருந்த நாளில் யாரோ ஒருவரின் பேத்தி பெரியபிள்ளையான சாமத்திய வீடு. மேடைக்குப் பின்னால் நயாகராவைப் பெரிதாக அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

மூன்று நாட்டுக்கும் மனைவி ஜீவராணியும் போனவர். மூன்று நாட்டிலும் சமைத்தவர்.

"உனக்கு எந்த நாடு பாக்க விருப்பம்?" என்று போன வருடம் ஒருநாள் தயாபரன் கேட்டார்.

ஜீவராணி வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "நாடு எதெண்டாலும் பரவாயில்லை. காலமை எழும்ப ஆராவது எனக்கு ஒரு கோப்பி தரவேணும். நான் போடாத கோப்பி."

கல்யாணம் கட்டி முப்பத்தொரு வருடத்தில் அவர் கேட்டது இவ்வளவுதான். தயாபரனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனியில் மெல்பேணில் மகளுக்குப் பிள்ளை பிறக்க இருக்கிறது. அங்கே போனால் ஆறு மாதம் சமையல், பிறகு மருமகனின் தாய் வருவார், அவருக்கும் சமையல். இந்தப் பங்குனியை விட்டால் கோப்பி இல்லை. ஆகவே தயாபரன் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத நாடு எது என்று தேடினார். நோர்வே இல்லை, டென்மார்க் இல்லை, ஜேர்மனி பேச்சுக்கே இடமில்லை. கடைசியில் வியட்நாம் அகப்பட்டது. கோப்பிக்குப் பேர்போன நாடு, கடலில் படகும் விடுகிறார்கள். ஹனோய்க்கு இரண்டு டிக்கெட் எடுத்தார்.

மூன்றாம் நாள் பிளாட்டின் வட்ஸ்அப் குழுவில் ஐந்தாம் மாடிச் சாமினி எழுதினார், தன் மச்சானுக்கு ஹனோய்ப் பக்கம் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, பாவம், அங்கே மாசிக்கருவாடு கிடைக்காதாம். அன்றைக்கே தயாபரன் வாய்க்குப் பூட்டுப் போட்டார்.

பின்னேரம் ஐந்து மணிக்குச் சுதர்சினி படியேறி வந்தார்.

"தயா அண்ணை, நாங்களும் வாறம். முருகனுக்கு எங்கட வீட்டு நேத்தி ஒண்டு கிடக்கு. கீழ்க்கடை ஜவாத் நானான்ர வேன் கதைச்சாச்சு. பதினாலு சீற். சாமினி ஆக்களும் வருகினம்."

"எல்லாரும் என்னத்துக்குக் கஷ்டப்பட்டு…"

"இதில என்ன கஷ்டம்? ராணி அக்கா, புளிச்சாதம் நீங்கள் கட்டுங்கோ. உங்கட கைப்பக்குவம் ஒருத்தருக்கும் வராது."

சுதர்சினி போனதும் ஜீவராணி கணவனைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லுங்கோவன்."

"சொன்னா மாசிக்கருவாடு வரும்."

"இப்ப புளிச்சாதம் வந்திருக்கே!"

தயாபரன் அன்றிரவு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். காலையில் இரண்டாம் மாடிக்கு இறங்கினார்.

"தங்கச்சி, கதிர்காமம் சரிவராது. டொக்டர் பயணம் வேண்டாமெண்டிட்டார். எனக்கு ஹேர்னியா. செவ்வாய்க்கிழமை ஆபரேசன்."

அந்த நேரத்தில் வாயில் வந்த ஒரே வியாதி அதுதான். சுதர்சினி நெஞ்சில் கையை வைத்தார்.

"ஐயோ கடவுளே! அப்ப அந்தப் பெட்டி?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். உங்களைப் பயப்படுத்தக் கூடாதெண்டு மறைச்சனான்."

அரை மணித்தியாலத்தில் முழுப் பிளாட்டும் தயாபரன் வீட்டு மண்டபத்தில் இருந்தது. ஜீவராணி பதினொரு பேருக்குத் தேநீர் ஊற்றினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பிளாட்டில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் மற்றவர்கள் வாசல்வரை போவது வழக்கம். அந்த வழக்கத்தைத் தொடக்கிவைத்த புண்ணியவான் தயாபரனேதான். முதலாம் மாடிச் சுந்தரலிங்கத்தாருக்குப் பித்தப்பை ஆபரேசன் என்றபோது கஞ்சிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவர் அவர். சுதர்சினியின் முழங்காலுக்கும் போனார். கீழே புடைவைக்கடை வைத்திருக்கும் ஜவாதின் கண் ஆபரேசனுக்கு இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றார். எல்லாம் ஒரே ஆஸ்பத்திரி, நடந்துபோகிற தூரம்.

"எனக்கு நீர் வந்தனீர். உமக்கு நான் வராம விடுவனோ?" என்றார் சுந்தரலிங்கம். ஓய்வுபெற்ற வங்கி மனேஜர், ஒன்றைச் சொன்னால் முத்திரை குத்திய மாதிரி.

"சுந்தரண்ணை, உங்களை எத்தினை நாள் வச்சிருந்தவங்கள்?"

"ஏழு."

"நல்ல நோவோ?"

சுந்தரலிங்கம் மின்விசிறியைப் பார்த்தார். "நோவை விடும். கால்தான் சரியா உளைஞ்சது."

பித்தப்பைக்கும் காலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நிலையில் தயாபரன் இல்லை. "டொக்டர் சொன்னவர், ஒருத்தரும் பாக்க வரக்கூடாதாம். கிருமி தொத்துமாம்," என்று ஒரு போடு போட்டார்.

"அது வாட்டுக்குள்ள. வாசலுக்கு ஆர் என்ன சொல்லப் போறான்?" என்றார் சுதர்சினி.

"வேனும் சும்மாதானே ஈக்கிது," என்றார் ஜவாத். "கதிர்காமம் போக வெச்ச வேன்தானே, ஆஸ்பத்திரிக்கு எடுப்பம். ஒங்கட ரத்தம் என்ன குறூப்?"

"ஓ பொசிற்றிவ். ஏன்?"

"ஏனா? நாளைக்கு ரத்தம் தேவப்பட்டா எங்க ஓடுற? ஆராரு ஓ பொசிற்றிவ், கைய தூக்குங்க!"

ஆறு கை உயர்ந்தது. தயாபரனுக்குக் கண் கலங்கியது. அன்பினால் கொஞ்சம், பயத்தினால் மிச்சம்.

அடுத்த நாள் அவர் கடைசி முயற்சியாக, ஆபரேசனைத் தள்ளிவைத்துவிட்டார்கள், எப்போது என்று தெரியாது என்று குழுவில் எழுதினார். இனிச் செவ்வாய்க்கிழமை சத்தமில்லாமல் கிளம்பலாம். இரண்டு நிமிடத்தில் சாமினி குரல்பதிவு அனுப்பினார். "அங்கிள், அதெப்பிடித் தள்ளி வைப்பாங்கள்? அங்க அட்மிசன் கவுண்டரில என்ர பிரெண்ட் இருக்கிறா. இப்பவே கேட்டு, செவ்வாயே போடப் பண்ணுறன். வயசு போன நேரத்தில விளையாடுறாங்களோ?"

"வேண்டாம் மகள்! இப்பதான் கோல் வந்தது. செவ்வாயேதானாம்," என்று தயாபரன் வியர்க்க வியர்க்க எழுதினார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வேன் வாசலில் நின்றது. விமானம் பிற்பகல் ஒன்றரைக்கு. கடவுச்சீட்டு இரண்டும் ஜீவராணியின் கைப்பையில், விபூதிப் பொட்டலத்துக்குக் கீழே. தயாபரன் சாரம் கட்டியிருந்தார். ஆபரேசனுக்குப் போகிறவர் லோங்ஸ் போடுவாரோ என்று சுந்தரலிங்கம் வீட்டுக்கு வந்தே கழற்ற வைத்திருந்தார்.

வேனுக்குள் பயணப் பெட்டி இரண்டோடு கஞ்சிப் போத்தல் மூன்று, மாரி பிஸ்கட், மோல்ற் மா, தலையணை, றப்பர் விரிப்பு, பேரீச்சம்பழம், கொட்டாஞ்சேனை அந்தோனியார் கோயிலில் சாமினி வாங்கிவந்த எண்ணெய், சுந்தரலிங்கத்தார் எங்கேயோ இரவல் வாங்கிய படுக்கைச் சட்டி. லண்டனுக்குப் போனபோது பார்சல் பதினாலு. இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பதினேழு.

திட்டம் சுலபமானது. முன்வாசலால் உள்ளே போவது, இவர்கள் திரும்பிப் போனதும் ஒரு கார் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஓடுவது. ஆனால் இவர்கள் திரும்பிப் போகவில்லை. முன்மண்டபத்துக் கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சுதர்சினி கந்தசஷ்டி கவசம் எடுத்தார்.

"நீங்கள் எல்லாரும் வெளிக்கிடுங்கோ, வேலைவெட்டி இருக்கும்," என்றார் தயாபரன்.

"நல்ல கதை," என்றார் சுந்தரலிங்கம். "ஆபரேசன் தியேட்டரால நீர் வெளியில வாறவரைக்கும் ஒருத்தரும் அசையமாட்டம்."

"எவ்வளவு நேரம் எண்டாலும் இருப்பம், இன்ஷா அல்லாஹ்," என்றார் ஜவாத்.

மணி ஒன்பதேகால். ஒன்பதரை. ஒன்பதே முக்கால். ஜீவராணி மெல்லக் கணவனின் காதருகே குனிந்தார். அவருடைய கண் நிறைந்திருந்தது.

"எனக்குக் கோப்பி வேண்டாம். வீட்ட போவம். இவ்வளவு பாசமான சனத்தை ஏமாத்திப்போட்டு எனக்கு ஒரு வாய் இறங்காது."

ஹேர்னியா இருந்திருந்தால்கூடத் தயாபரனுக்கு இவ்வளவு நொந்திராது. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லி, காலில் விழுந்து, மாசிக்கருவாட்டையும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்தார். வாயைத் திறந்தார்.

"இஞ்ச ஒருத்தரும் இல்லையோ?" சுதர்சினி அதற்குள் எழுந்து சத்தம் போட்டார். "ரெண்டு மணித்தியாலமாப் பேசன்ட் இருக்கிறார், ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை!"

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓர் ஊழியர் வந்தார். சட்டைப் பையில் கிளறன்ஸ் என்று எழுதியிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. தயாபரனை உட்காரவைத்து, மடியில் தலையணையை வைத்து, தலையணைமேல் படுக்கைச் சட்டியை வைத்து, ஒரு பெட்டியைத் தன் கையில் எடுத்தார். மற்றதை ஜீவராணி இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார். பிளாட் முழுவதும் லிஃப்ட் வாசல்வரை வந்தது. ஜவாத் இரண்டு கையையும் ஏந்தினார். சுதர்சினி அழுதார். சுந்தரலிங்கம் தயாபரனின் தோளை அழுத்திப் பிடித்து, "தைரியமாப் போயிட்டு வாரும்," என்றார்.

லிஃப்ட் கதவு மூடியது.

"தம்பி கிளறன்ஸ்," என்றார் தயாபரன். "என்னை மன்னிக்க வேணும். எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. ஹேர்னியாவும் இல்லை, அட்மிசனும் இல்லை. ஒண்டரைக்கு எங்களுக்குப் பிளேன். மனிசிக்கு ஒரு கோப்பி வாங்கிக் குடுக்க ஹனோய்க்குப் போக வெளிக்கிட்டு, பொய்யுக்கு மேல பொய் சொல்லி, இப்ப இந்தச் சட்டியோட வந்து நிக்கிறன். எங்களைத் திருப்பி அந்த நல்ல சனத்திட்டயே கொண்டுபோய் விடும்."

கிளறன்ஸின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையை நீட்டி, கீழ்த்தளத்துக்குப் போகும் பொத்தானை அழுத்தினார்.

"பின் கேட்டுக்குக் கார் சொல்லித் தாறன், பயப்படாதீங்க சேர்," என்றார். "உங்கட பிளாட் பித்தப்பை ஐயாவைப் பாலித்தீவுக்கும், முழங்கால் அக்காவைப் பாங்கொக்குக்கும், கண் ஆபரேசன் நானாவைத் துருக்கிக்கும் இந்தக் கதிரையில வச்சு நான்தானே அனுப்பினது."