மெயின்சுவிச் அண்ணனும் நான் வெட்டிய பச்சை ஒயரும்

மெயின்சுவிச் அண்ணனைப் போல இத்தனை வீடுகளை இருட்டாக்கிய மனிதர் மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இன்னொருவர் இருக்க முடியாது. எங்கள் தோட்டத்துச் செம்பனை ஆலையில் அவர் வயர்மேன். யார் வீட்டுக்குப் போனாலும் சட்டைப்பையிலிருந்து டெஸ்ட் பென்னை எடுத்துக் குழாயையும் ஐஸ்பெட்டியையும் தொட்டுப் பார்ப்பார். அதில் லைட் எரிந்தால் கரண்டு கசிகிறது என்று அர்த்தம். அப்புறம் பேச்சே கிடையாது, நேரே போய் மெயின் சுவிச்சை இறக்கிவிடுவார்.

ரஹாங்குக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். பெண் காப்பித் தட்டோடு வரும்போது வீடு இருண்டது.

"நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, பியூஸ் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"ஐஸ்பெட்டி கரண்டு அடிக்குதுங்க. பொண்ண அப்புறம் பாக்கலாம்" என்றாராம் இவர். அப்புறம் பார்க்க யாரும் விடவில்லை. ஐம்பது வயதிலும் தனிக்கட்டைதான்.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான். தோட்ட ஆபீசில் எனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை. பேனா பிடித்தவனுக்கு ஒயர் பிடிக்கத் தெரியாதா என்ற திமிர் நிறையவே உண்டு.

அந்த வருஷம் தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு என் மனைவி சரசு ஹீட்டர் கேட்டாள். "கூப்பிட்டா அந்த அண்ணனே வந்து மாட்டித் தருவாருலா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கைப்பேசியில் மூன்று வீடியோ பார்த்துவிட்டு நானே மாட்டினேன். போட்டதும், கரண்டு கசிந்தால் தானே இறங்குகிற டிரிப் சுவிச் விழுந்தது. தூக்கினேன், மறுபடி விழுந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் கரண்டு அந்தச் சுவிச் பக்கமே போகாதபடி செய்துவிட்டேன். உயிரைக் காப்பாற்றுகிற சாமானை ஊமையாக்கிவிட்டு, "இனிமே விழவே விழாது" என்று சரசுவிடம் மார்தட்டினேன்.

தீபாவளிக் காலை. தலை நிறைய எண்ணெயோடு சரசு குளியலறைக்குள் போனாள். அப்போதுதான் வாழ்த்துச் சொல்ல மெயின்சுவிச் அண்ணன் வந்தார். கை கழுவுகிறேன் என்று அடுப்படிக்குப் போனவர், பழக்க தோஷத்தில் குழாயில் டெஸ்ட் பென்னை வைத்தார். லைட் எரிந்தது. அடுத்த நொடி என்னைத் தள்ளிவிட்டு ஓடினார். வீடு இருண்டது.

"என்னாண்ணே, நல்ல நாளும் அதுவுமா" என்று எரிந்து விழுந்தேன்.

"குளிக்கிறது யாரு?"

"சரசு."

அவர் கதவருகே போய், "தங்கச்சி, பைப்பத் தொட்டியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, கைய நீட்டினேன், லைட்டு போயிருச்சு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

சரசு வெளியே வந்ததும் அண்ணன் ஹீட்டர் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். "பச்ச ஒயரு எங்க தம்பி?"

"அது ஒண்ணு மிச்சமா இருந்துச்சுண்ணே. அதுக்கு வேலை ஒண்ணும் இருக்கற மாதிரித் தெரியல. வெட்டிட்டேன்."

"அது வேலை செய்யறது, நம்ம செத்துப் போகக் கூடாதுன்னுதான்" என்றார். வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சரசு கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அண்ணன் தலையைப் பார்த்து, "நீங்க இன்னும் எண்ணெ வைக்கலியாண்ணே?" என்றாள்.

"வச்சுவிட யாரும்மா இருக்கா?"

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு, அவரை உட்காரவைத்து, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் தலையைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு தீபாவளிக்கும் அவர் எங்கள் வீட்டில் எண்ணெய் வைக்காமல் இருந்ததில்லை. நானும் அன்றிலிருந்து அவரை அண்ணன் என்று கூப்பிடுவதில்லை. மச்சான் என்றுதான் கூப்பிடுகிறேன்.