நாடி இல்லாத மாமனார் எழுதுவது

உழவர்கரை, புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

இயேசு மரி சூசை துணை. கூடுதல் துணைக்கு இடுப்பில் இரண்டு பேட்டரி.

அன்புள்ள மாப்பிள்ளை ஜோசப் ஆனந்த் அவர்களுக்கு, மாமனார் அமலநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியார் ஸ்டெல்லாமேரியும் என் நெஞ்சுக்குள் ஓடும் பம்பும் ஆக மூவரும் சுகம். அங்கே நீங்களும் மெரினும் பேத்தியும் சுகமாக இருக்க வேளாங்கண்ணி மாதாவை வேண்டுகிறோம். போனில் பேசாமல் இந்த மனுஷன் ஏன் காகிதத்தை வீணாக்குகிறார் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் மெரின் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால்தான் உங்கள் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

உங்கள் மனைவி, அதாவது என் மகள், எனக்குக் கெடு வைத்திருக்கிறாள். "பப்பா, அங்க இருக்கிற நர்சுங்களுக்கு உங்க பம்ப பாத்துக்கத் தெரியலன்னா, மாசக் கடைசியில வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் மெட்ராசுக்கு வந்துடணும்" என்கிறாள். மாப்பிள்ளை, உங்கள் வீட்டைக் குறை சொல்லவில்லை. நல்ல வீடு, ஒன்பதாவது மாடி, காற்று வருகிறது. ஆனால் அங்கே நான் யாரைத் திட்டுவேன்? இங்கே காலையில் எழுந்தால் என் மோட்டார் கடைக்குப் போய், கடையைப் பார்த்துக்கொள்ளும் பையன் பாவாடையை ஒரு மூச்சுத் திட்டிவிட்டு, இரண்டு வாடிக்கையாளரிடம் வாதாடிவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உங்களையா திட்ட முடியும்? வீட்டு மாப்பிள்ளை. எனக்கு இந்த ஊரை விட்டு வர மனசில்லை, வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன். நீங்கள்தான் அவளிடம் பேச வேண்டும். அதற்கு ஆதாரமாக நடந்ததை எல்லாம் எழுதுகிறேன். சிலது உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோபம் ஒழுங்காக வரும்.

இதயம் தளர்ந்துபோய், இனி அது தானாக ரத்தத்தைத் தள்ளாது என்று உங்கள் ஊர் டாக்டர்கள் எனக்குள் பம்ப் வைத்தார்கள் அல்லவா? காலமெல்லாம் ஊருக்குப் பம்ப் விற்றவனுக்குள்ளேயே ஒன்றைக் கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள். அதன் வயர் வயிற்று வழியாக வெளியே வந்து இடுப்பிலிருக்கும் பெட்டியில் சேர்கிறது, பெட்டிக்கு இரண்டு பேட்டரி. இந்தப் பம்ப் நம் இதயம் மாதிரி விட்டு விட்டுத் துடிப்பதில்லை, தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் என் கையைப் பிடித்தால் நாடி கிடைக்காது. இந்த ஒரு விஷயத்தை ஊருக்கு விளக்குவதற்குள் என் பிராணன் போய்விடும் போலிருக்கிறது. நாடி ஏற்கெனவே போய்விட்டது.

போன மாதம் இறால் தொக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்காகி, உடம்பில் தண்ணீர் வற்றி, பெட்டி கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. பம்புக்குள் வரும் ரத்தம் குறைகிறது என்று அதற்கு அர்த்தம். பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் சேர்த்து குளுகோஸ் ஏற்றினார்கள். கத்தல் நின்றது, நான் அசந்து தூங்கிவிட்டேன். உங்கள் மாமியார் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனாள். அந்த நேரம் பார்த்து பாரதி என்ற சின்ன நர்ஸ் பிரஷர் பார்க்க வந்திருக்கிறாள். மிஷின் எரர் காட்டியது. வேறு மிஷின் கொண்டுவந்தாள், அதுவும் எரர். கையைப் பிடித்தாள், நாடி இல்லை. கழுத்தைத் தொட்டாள், அங்கேயும் இல்லை. "சிஸ்டர்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மாடியில் பிரசவத்துக்கு வந்தவளுக்கு வலி கண்டுவிட்டது என்று சொல்கிறார்கள். பெரிய நர்ஸ் ஜாஸ்லின் ஓடிவந்து கட்டிலில் ஒரு முட்டியை ஊன்றி, என் நெஞ்சில் கை வைத்து அமுக்கத் தயாராகிவிட்டாள். வாசலில் வந்த உங்கள் மாமியார் பிளாஸ்க்கைப் போட்டுவிட்டு, "அமுக்காதம்மா! உள்ள மோட்டார் ஓடுது!" என்று அலறினாள். நான் கண்ணைத் திறந்து, "இன்னா சிஸ்டர், இன்னா அவசரம்?" என்றேன். பாரதி அங்கேயே மயங்கி விழுந்தாள். அவள் நாடியை நாலு பேர் பிடித்துப் பார்த்தார்கள். நன்றாக இருந்ததாம்.

இதை உங்கள் மாமியார் அன்றைக்கே மெரினுக்கு ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அதிலிருந்து வந்ததுதான் அந்தக் கெடு. நர்சுகளைக் குறை சொல்லி என்ன பயன்? நாடி இல்லாவிட்டால் ஓடு என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாடியில்லாமல் ஒருத்தன் டீக்குக் காத்திருப்பான் என்று யார் கண்டது?

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பம்ப் நோயாளிகளைக் கவனிக்கும் அம்மா, வீடியோவில் வகுப்பு எடுத்தார். நல்ல அம்மா, நல்ல இங்கிலீஷ். ஜாஸ்லின், பாரதி, இன்னொரு நர்ஸ் சங்கவி மூன்று பேரும் கைகட்டிக் கேட்டு, "புரிஞ்சுது மேடம்" என்றார்கள். போனை வைத்ததும் நான், "இன்னாம்மா புரிஞ்சுது?" என்றேன். சங்கவி, "பேட்டரி முக்கியம்னு புரிஞ்சுது ஐயா" என்றாள். அப்போதுதான் நானே வாத்தியாராக இறங்குவது என்று முடிவு செய்தேன். பாடமும் நானே, படமும் நானே. சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"நாடியத் தேடாதீங்க. முதல்ல ஸ்டெத்த நெஞ்சுல வைங்க, மோட்டார் ஓடுற சத்தம் கேக்குதா பாருங்க" என்றேன். பாரதி வைத்துக் கேட்டுவிட்டு, "ஐயா, எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இருக்குது" என்றாள். அதுதான் பாடம். ஃபிரிட்ஜ் ஓடினால் பம்ப் ஓடுகிறது. அப்புறம் ஆள் பேசுகிறானா, பெட்டியில் என்ன விளக்கு எரிகிறது, வயர் எங்காவது இழுபடுகிறதா, பேட்டரி இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றைப் போட்ட பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். இதை நான் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு, "எங்கே, மாத்திக் காட்டுங்க" என்றேன். பாரதி இடது பக்கத்தைக் கழற்றினாள். உதவி செய்கிறேன் என்று சங்கவி அதே நேரத்தில் வலது பக்கத்தைக் கழற்றினாள். பெட்டி போட்ட கூச்சலில் வெளியே நின்ற ஆட்டோக்காரர் உள்ளே ஓடிவந்துவிட்டார். பெட்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் தாங்குகிற மாதிரி ஒரு குட்டி பேட்டரி வைத்திருக்கிறார்கள், அந்தப் புண்ணியவான்கள் நன்றாக இருக்க வேண்டும். ஜாஸ்லின்தான் இரண்டையும் பிடுங்கி மாட்டினாள். இதை மெரினிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

என் பக்கமும் ஒரு தப்பு உண்டு. பெட்டி கத்தினால் தொட்டியில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று கடைப் பாஷையில் விளக்கிவிட்டேன். மூன்று பேரும் அதைப் பிடித்துக்கொண்டு, கத்தாத நாளிலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இளநீர், மோர், ரசம் என்று ஊற்ற, நானும் வாத்தியாருக்கு மரியாதை என்று குடித்துத் தொலைக்க, கால் இரண்டும் வீங்கி நடக்க முடியாமல் போனது. நர்சிங் ஹோம் டாக்டரம்மா வந்து வகுப்பு முழுவதையும் திட்டினார். வாத்தியாருக்குத் தனியாகத் திட்டு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், இதை மெரினிடம் தாராளமாகச் சொல்லலாம். இன்று காலைப் பூசைக்குப் போகும்போது கதவோரம் மாட்டியிருந்த கறுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டேன். மாற்று பேட்டரிகள் அதில்தான் இருக்கும். வாத்தியார் ஆன மிதப்பில், காலையில் மாற்ற வேண்டிய பேட்டரியை மாற்றாமலே கிளம்பிவிட்டேன். சாமியார் பிரசங்கத்தில் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பெட்டி கத்த ஆரம்பித்தது. அவர் நிறுத்திவிட்டு, "யாருதுங்க அந்த போனு? தயவு செஞ்சு ஆஃப் பண்ணுங்க" என்றார். ஆஃப் பண்ணினால் அடுத்த பூசை எனக்குத்தான் என்று கோவிலில் எப்படிச் சொல்வது? அவசரமாகப் பையைத் திறந்தால் ஸ்பேனர், டெஃப்லான் டேப், ஒரு ஃபுட் வால்வு. முந்தின நாள் பாவாடை எனக்குக் காட்ட எடுத்துவந்து மாட்டிவிட்டுப் போன கடைப் பை. ஒரு பம்புக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது, என் பம்புக்கு வேண்டியது மட்டும் இல்லை.

மாப்பிள்ளை, அந்த நிமிஷம் எனக்குப் பயமாக இருந்தது. ஆப்பரேஷன் தியேட்டருக்குள் போகும்போதுகூட அப்படி இல்லை. உங்கள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, கிடைக்காது என்று தெரிந்தும் நாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது பாட்டுக் குழுவிலிருந்து ஜாஸ்லின் இறங்கி வந்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பழகிய சத்தம். பெட்டியின் விளக்கைப் பார்த்தாள், "அங்கிள், பேட்டரிதான் கம்மியா இருக்குது, பம்ப் நல்லா ஓடுது. எழுந்திருங்க, ஓடாதீங்க" என்றாள். ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து, வயர் எதிலும் சிக்காமல் என் சட்டைக்குள் செருகிவிட்டு, அடுத்த தெருவிலிருக்கும் நம் வீட்டுக்கு ஓட்டினாள். ஒரு பேட்டரியை மாற்றினாள். விளக்கைப் பார்த்தாள். அடுத்ததை மாற்றினாள். ஸ்டெத் இல்லாததால் காதையே நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஃபிரிட்ஜ் ஓடுது அங்கிள்" என்றாள். பின்னாலேயே ஓடிவந்த உங்கள் மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை, கண்ணில் தூசி.

இதை அப்படியே உங்கள் ஊர் ஆஸ்பத்திரி அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "இவ்வளவு நல்ல நர்ஸை நான் பார்த்ததில்லை" என்று அவர் வாயாலேயே சொன்னார். ஆகவே மாப்பிள்ளை, இனி என்ன பயம்? சாவி கொடுத்த மாதிரி வேலை செய்யும் நர்சுகள் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது, வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் ஒன்பதாவது மாடிக்கு எதற்கு வர வேண்டும்? மெரினிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி அந்தக் கெடுவை ரத்து செய்ய வைப்பது உங்கள் பொறுப்பு.

பேத்திக்கு என் முத்தங்கள். மெரினுக்கு என் ஆசீர். ஆண்டவர் உங்கள் குடும்பத்தையும், இரு ஊர்களின் மின் கம்பிகளையும் காத்து வழிநடத்துவாராக.

இப்படிக்கு,
நாடியில்லாமலும் நலமாக இருக்கும்
மாமனார் அமலநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி வைத்திருந்தேன், பிரித்து எழுதுகிறேன். இன்று செவ்வாய்க்கிழமை. ஜாஸ்லின் மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தாள். அந்த ஆஸ்பத்திரி அம்மாவே கூப்பிட்டு, பம்ப் வார்டில் வேலை கொடுத்துவிட்டாராம். துணைக்குப் பாரதியையும் அழைத்துப் போகிறாளாம். சங்கவிக்கு குவைத் மாப்பிள்ளை நிச்சயமாகி, அவளும் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். "எல்லாம் நீங்க குடுத்த படிப்புதான் அங்கிள்" என்று மூன்று பேரும் காலில் விழுந்து கும்பிட்டுப் போனார்கள். நர்சிங் ஹோமில் இப்போது புதிதாக வந்திருக்கும் பெண் காலையில் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓடினாள். பம்ப் வார்டு உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம் என்று ஜாஸ்லின் சொல்கிறாள். உங்கள் வீட்டில் எங்களுக்கென்று சொன்ன அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று முனை பிளக் பாயின்ட் இருக்கிறதா, பார்த்து எழுதவும். இடது பக்கம் என்றால் எனக்கு வசதி. நான் கேட்டதாக மெரினிடம் சொல்ல வேண்டாம், நீங்களாகவே பார்த்ததாக இருக்கட்டும்.