வழி தெரியாமல் ஓர் ஊசி

சாம்பார்க் கரண்டியோடு டிவி முன்னால் அப்படியே நின்றுவிட்டாள் சிஸ்டர் புஷ்பம். மந்தைவெளி லோக்கல் சேனலில், படத்துக்குக் கீழே அவள் பெயர் ஓடிக்கொண்டிருந்தது.

"வழி தெரியாமல் ஊசி போடுவதில் கைதேர்ந்தவர், சிஸ்டர் புஷ்பம்."

அவள் எழுதிக் கொடுத்தது 'வலி'. ஒரே ஓர் எழுத்துதான். ஆனால் அந்த எழுத்தில் அவளுடைய பதினெட்டு வருஷ உத்தியோகமே தொங்கிக்கொண்டிருந்தது. நர்ஸிங் ஹோமில் தலைமை நர்ஸ் பதவி காலி. போட்டியில் இரண்டு பேர். "நாலு பேருக்குத் தெரிஞ்ச முகமா இருக்கணும்" என்று டாக்டர் ராமானுஜம் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை முடிவு. ஒரு முகத்தை ஊருக்குக் காட்ட 1996இல் மந்தைவெளிக்கு இருந்த ஒரே ஆள் கேபிள் தங்கவேல்.

மறுநாள் ஊசி போட வந்த ஜவுளிக்கடை வைரவன், புஜத்தில் பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"இங்கதான் சிஸ்டர். நீங்க தேட வேண்டாம்."

புஷ்பம் நேரே தங்கவேலிடம் போனாள்.

"வலிக்கும் வழிக்கும் வித்தியாசம் தெரியாதாப்பா உனக்கு?"

"ஒரு எயுத்துக்கு இன்னாத்துக்கு சிஸ்டர் இவ்ளோ டென்ஷன்? சாயங்காலம் திருத்தம் போட்டுடறேன்."

போட்டான். "திருத்தம்: சிஸ்டர் புஷ்பத்துக்கு இப்போது வழி தெரியும்."

புதன்கிழமை ஊசிக்கு வந்தவர்கள் எல்லோரும் மாத்திரை போதும் என்றார்கள். போட்டியாளர் ஜெயஸ்ரீ அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள். புஷ்பம் மறுபடியும் கேபிள் கடைக்கு ஓடினாள்.

"எழுத்தே வேண்டாம்," என்றாள் தங்கவேலிடம். "என் போட்டோவை மட்டும் போடு. கீழே பேரு, சர்வீஸ் பண்ணின வருஷம். அவ்வளவுதான்."

"போட்டோன்னா நம்மகிட்ட ஒரே ஒரு பார்டர்தான் கீது. பூ போட்டது."

"பூதானே, இருந்துட்டுப் போகட்டும்."

இருப்பதிலேயே நல்ல போட்டோவைத் தேடிக் கொடுத்தாள். நர்ஸிங் பள்ளியில் உறுதிமொழி எடுத்த அன்று பிடித்தது. வெள்ளை உடை, கையில் எரியும் விளக்கு, மூடிய கண்கள். வியாழன் மாலை அது மலர் வளையத்துக்கு நடுவே டிவியில் வந்தது. கீழே: "சிஸ்டர் புஷ்பம், 1978 - 1996".

லட்சணமாக இருக்கிறது என்றுதான் புஷ்பமும் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டது. அவளிடம் வழக்கமாக ஊசி போட்டுக்கொள்ளும் மயிலாப்பூர் காமாக்ஷி மாமி, கையில் ரோஜா மாலை. புஷ்பத்தைப் பார்த்ததும் மாமி மாலையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நீயா? நேத்து ஆத்துல டிவி பாத்துண்டிருந்தேன்... பதினெட்டே வயசுன்னு போட்டிருந்தா. பாத்தா பெரியவளாத் தெரிஞ்சாளே, உழைச்சு உழைச்சுத்தான் அப்படி ஆயிட்டான்னு மனசைத் தேத்திண்டு வந்தேன்."

மாமிக்குப் பின்னால் வைரவன் நின்றார். அவரிடமும் மாலை. அவருக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும் ஆட்கள்.

நர்ஸிங் ஹோமுக்கு ஓடினால், அங்கே டாக்டர் ராமானுஜம் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும்தான் கீழே வைத்தார்.

"நாலு பேருக்குத் தெரிஞ்ச முகமா இருக்கணும்னேன். காலையிலேர்ந்து நாற்பது பேர் போன் பண்ணி அழுதுட்டாங்க. ஜெயஸ்ரீயும் அழறாங்க. இனிமே வேற யாரையாவது தலைமை நர்ஸா போட்டா ஊர் என்னை விடாது."

சாயங்காலம் அரைக்கிலோ பால்கோவாவோடு தங்கவேல் கடைக்குப் போனாள் புஷ்பம். சந்தோஷத்தில் அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டிருந்தது.

"எல்லாம் உன்னோட அந்த எழுத்துப்பிழையில ஆரம்பிச்சது. இருந்தாலும் இனிமேலாவது தமிழ் ஒழுங்கா கத்துக்கோப்பா."

தங்கவேல் பால்கோவாவை ஓரமாக வைத்துவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டான்.

"தமிய்ல நான் தொண்ணூத்திரெண்டு மார்க்கு சிஸ்டர். போன வருசம் நாய் கடிச்சி நான் வந்தப்போ தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போட்டீங்களே, 'வலி தெரியாம'ன்னு டைப் அடிக்கத்தான் கை வரல."