பதினெட்டு வயதிலேயே படித்து முடித்தவர்

நம்மிடையே ஒரு வகை வாசகர் உண்டு. நீங்கள் எந்த நாவலைக் கையில் எடுத்தாலும் அவர் அதை உங்களுக்கு முன்பே, உங்களைவிடச் சின்ன வயதிலேயே படித்து முடித்திருப்பார். நீங்கள் நாற்பதில் படித்தால் அவர் இருபதில். நீங்கள் இருபதில் படித்தால் அவர் எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில். தொட்டிலில் என்ன படித்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்.

கோவில்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் பெருமாள்சாமி அண்ணாச்சி இந்த இனத்தில் முதல் தரம். மக்காச்சோளத்தில் புழு விழுந்துவிட்டதென்று எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து பஸ் ஏறி ஓடி வருகிறவரின் பையில் ஒரு நாவல் எட்டிப் பார்த்தால் போதும், மருந்து தாமதமாகும், புழு கொழுக்கும்.

“இதையா இப்பப் படிக்குதீய? மீசை முளைக்கையில படிக்க வேண்டியதுல்லா!”

காதல் கதை இருபதுக்குள், குடும்பக் கதை நாற்பதுக்கு மேல், தத்துவம் சர்க்கரை வந்த பிறகு. அவர் சட்டம் அது. கதையின் முடிவையும் இலவசமாகச் சொல்லி அனுப்புவார்.

அந்த இலவசத்தை முதலில் பெற்றவர் அவர் மனைவி பொன்மணி. கல்யாணமான மறுவருடம், அண்ணாச்சியின் அலமாரியிலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்துப் பாதி தாண்டியிருந்தார். புருஷனிடம் அடிபட்ட கதாநாயகி கைக்குழந்தையை இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றடியில் நிற்கிறாள். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

“அவ குதிச்சுச் செத்துப்போவா. பதினெட்டு வயசுல படிச்சிட்டு நான் மூணு நாள் சாப்பிடலை.”

பொன்மணிக்கு அப்போது ஏழாம் மாதம். புத்தகத்தை மூடினார். அதன்பின் நாவல் பக்கமே போகவில்லை. முப்பது வருஷம்!

போன மாசியில் பொன்மணி கால் முறிந்து, மாவுக்கட்டோடு படுத்தார். எத்தனை நேரம்தான் போனைத் தேய்ப்பது? அதே நாவலை எடுத்தார். மூன்றாம் நாள் காலை நான் நலம் விசாரிக்கப் போயிருந்தேன். அண்ணாச்சி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இங்கன வாங்க. அவ சாகலை.”

“எவ?”

“கிணத்தடியில நின்னவ. தண்ணி எறச்சு மூஞ்சியக் கழுவிட்டு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிப் போயிருதா. டீச்சர் வேலை பார்க்கா. நல்லா இருந்தவளை முப்பது வருசமாக் கொன்னு வச்சிருக்கீயளே!”

“நான் படிக்கையில செத்தாளே... அது வேற பதிப்பா இருக்கும்.”

பொன்மணி புத்தகத்தை நீட்டினார். அண்ணாச்சி நின்றபடியே வாசித்தார், பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தார். கடை திறக்கவில்லை. பதினொரு மணிக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கிணத்தடி வரைக்கும்தான் படிச்சேன், பொன்மணி. அதுக்கு மேல படிக்கப் பயமா இருந்துச்சு. எப்படியும் செத்திருப்பான்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.”

பொன்மணி சிரிக்கவில்லை.

“நானும் அவ செத்துட்டான்னே நினைச்சுக் கிடந்தேன். சரி, இந்த மாதிரி இன்னும் எத்தனை பேரைக் கொன்னீய? எடுத்துட்டு வாங்க.”

பதினொரு நாவல்கள் கட்டிலுக்கு வந்தன. மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் பொன்மணி விடவில்லை. இதுவரை இரண்டு பேர் பிழைத்திருக்கிறார்கள். ஒருத்திக்கு நிஜமாகவே சாவுதான். அன்று அண்ணாச்சி முகத்தில் ஒரு தெம்பு தெரிந்தது.

அவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். யாரோ ஒரு நாவலைப் பற்றிக் கேட்டபோது, “அதெல்லாம் காலேஜ்லயே படிச்சாச்சு” என்றீர்களே, அதன் கடைசிப் பக்கத்தில் என்ன நடக்கிறது? எனக்குச் சொல்ல வேண்டாம். யாரும் பார்க்காதபோது ஒருமுறை புரட்டிவிடுங்கள்.