சுண்டல் பயில்வானின் தொப்பை

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் பூந்தமல்லியில் வைஸ்ராயைவிடப் பெரிய ஆள் ஒருவர் இருந்தார். சுண்டல் பயில்வான். சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்தாலும் வாயால் சொல்லமாட்டாள். விடிந்ததும் ஒரு படி சுண்டலை உள்ளே தள்ளிவிட்டுத் தண்டால் எடுப்பார். பக்கத்து வீட்டில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு அவர் மூச்சுச் சத்தம்தான் கடிகாரம். காணும் பொங்கல் குஸ்தியில் அவரை யாரும் சாய்த்ததே இல்லை.

ஒரு மார்கழியில் ஆவடிப் பயில்வான் ஒருவன் கடைத்தெருவில் அவரை நிறுத்தி, "அண்ணாத்தே குஸ்திக்கு வராரா, சீமந்தத்துக்கு வராரா?" என்று கேட்டுவிட்டான். தெருவே சிரித்தது. மனிதருக்குக் குஸ்திப் பட்டத்தைவிடத் தொப்பை பெரிய கவலையாகிவிட்டது.

அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசி பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் வந்தது. ஊர் ஒரு நாள் பட்டினி கிடந்து, மறுநாள் அகத்திக்கீரையோடு முடித்துக்கொண்டது. இவர் முடிக்கவில்லை. கீரை கொண்டுவந்த மனைவியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பச்சைத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு தினமும் இரண்டு மடங்கு தண்டால் எடுத்தார்.

"என்ன பயில்வான் இது?" என்றேன்.

"வாத்தியாரே, சோறு போடலன்னா ஒடம்பு எத்த துன்னும்? சும்மா குந்திகினு கீற தொப்பையத்தான் துன்னும். ஒழைக்கிற கைய எவனாவது துன்னுவானா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உடம்புக்கு அந்த நியாயம் தெரியவில்லை. போகியன்று பார்த்தால் தொப்பை இருந்த இடத்தில் இருக்கிறது. புஜத்தில் இறுக்கிக் கட்டிய தாயத்து முழங்கைக்கு இறங்கிவிட்டது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

"மூளைக்குச் சர்க்கரை வேணும்பா," என்றார் டாக்டர். "சாப்பிட்டது ஒரு நாள்ல தீர்ந்துடும். அப்புறம் கொழுப்பு எரியும், ஆனா அதுலேர்ந்து மூளைக்கு வேண்டிய சர்க்கரை வராது. உடம்பு சதையைக் கரைச்சுத்தான் அதை எடுக்கும். நீ தண்டால் வேற எடுத்து அவசரப்படுத்தியிருக்கே."

பயில்வான் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "நான் யோசிக்கிறதே கெடையாதே டாக்டரே. அதுக்கு எதுக்கு இம்மாஞ் சக்கர?"

டாக்டர் போட்டியிலிருந்து விலகச் சொன்னார். கேட்கிற ஆளா அவர்? அன்றே சோற்றில் கை வைத்தார். ஆனால் போன சதை பொங்கலுக்குள் திரும்பவில்லை. கோதாவில் இறங்கிய சற்று நேரத்திலேயே ஆவடிக்காரன் அவரை மல்லாத்திவிட்டான். மண்ணைத் தட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"வாத்தியாரே, கொழுப்புல சக்கர இல்லன்னா, அது எதுக்குத்தான் ஒடம்புல கீது?"

பட்டம் போன அந்த நிமிஷத்திலும் மனிதருக்குச் சந்தேகம்தான் பெரிதாக இருந்தது. துண்டால் அவர் முதுகு மண்ணைத் துடைத்துவிட்டேன்.

அடுத்த காணும் பொங்கலுக்கு வயிறு நிறையச் சுண்டலோடு, முழுத் தொப்பையோடு அந்த ஆவடிக்காரனையே எதிர்த்து இறங்கினார். ஜெயித்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அவர் இன்னொரு தரம் விழுவதைப் பார்க்கத் தெம்பில்லாமல், கூட்டத்தில் நின்றபடியே கண்ணை இறுக மூடி, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.